மைனஸ் 30-ல் இருக்கும் நண்பனுக்கா, டில்லியில் 6 டிகிரியில் இருக்கும் எனக்கா, யாருக்குக் குளிர் அதிகம்?

"நண்பர்கள் குழுவில் நான் டில்லிக் குளிரைப் பற்றிச் சொன்னாலே போதும், கனடாவில் இருப்பவன் மைனஸ் 30 காட்டும் படத்தைப் போட்டு வாயை அடைத்துவிடுகிறான். உண்மையில் யாருக்குக் குளிர் அதிகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குத்தான். இரண்டு ஊரிலும் குளிர்காலத்தைக் கழித்தவன் என்பதால் தைரியமாகவே சொல்கிறேன். அடுத்த தடவை அவர் படம் போட்டால், "உன் வீட்டுக்குள்ள இப்ப எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேளுங்கள். 20, 21 என்று பதில் வரும். அதே நேரத்தில் உங்கள் அறையில் 12 இருந்தால் பெரிய விஷயம்.

எனக்கு முதல் வேலை டில்லியில். முனீர்காவில் மூன்றாம் மாடியில் ஒரு வாடகை அறை. இப்போது இருப்பது கனடாவின் வின்னிபெக். எங்கள் கல்லூரிக் கூட்டத்தில் ஒருத்தி ஊட்டி, ஒருத்தன் சென்னை, ஒருத்தி மெல்பர்ன், ஒருத்தன் இன்னும் டில்லியிலேயே இருக்கிறான். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குழுவில் குளிரைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதனால் உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கமான சண்டை.

டில்லி வீடுகள் மே மாத வெயிலை மனதில் வைத்துக் கட்டியவை. 44, 45 டிகிரி அடிக்கும்போது வீடு கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் மொசைக் அல்லது மார்பிள் தரை, உயரமான கூரை, பெரிய ஜன்னல், அதற்கு மேலே வெண்டிலேட்டர். ஜனவரியில் இது அத்தனையும் நமக்கு எதிராகத் திரும்பிவிடும். காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் உள்ளங்கால் சுரீர் என்னும். ஜன்னல் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் காற்று வந்துகொண்டே இருக்கும். குளிக்க கீசர் உண்டு, ஆனால் குளித்துவிட்டுக் குளியலறையிலிருந்து அறைக்கு வரும் அந்த நாலு எட்டுதான் அன்றைய நாளின் மிகப் பெரிய சோதனை.

அதைவிடக் கொடுமை சுவர். டிசம்பர் கடைசியில் மூடுபனி இறங்கினால் சில நாட்கள் சூரியன் முகத்தையே காட்டாது. அப்படி ஒரு வாரம் போனால் செங்கல் சுவர் முழுக்கக் குளிர்ந்துவிடும். நம் உடம்பு எப்போதும் சுற்றியிருக்கும் பொருட்களை நோக்கி வெப்பத்தைக் கதிராக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுவர் சூடாக இருந்தால் அதுவும் நமக்குத் திருப்பி அனுப்பும். சில்லிட்ட சுவரிடமிருந்து அவ்வளவு திரும்பி வராது. தொடாமலேயே சுவர் நம் சூட்டை இழுத்துக்கொள்வதாகத் தோன்றுவது பிரமை இல்லை. காற்றின் வெப்பநிலையை மட்டும் காட்டும் தெர்மாமீட்டரில் இது தெரியாது. "ஆப்பில 12-ன்னுதான் காட்டுது, ஆனா எலும்புக்குள்ள இறங்குதுடா" என்று டில்லி நண்பன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை.

இந்திய வானிலைத் துறையே இரவுக் குளிரையும் பகல் குளிரையும் தனித்தனியாகப் பார்க்கிறது. குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழேயோ இருந்து, பகலின் அதிகபட்சமும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால் அது 'குளிர் நாள்'. டில்லிக்காரரைக் கேட்டால், அதிகாலையில் 3 டிகிரி போய்விட்டு மதியம் நல்ல வெயில் அடிக்கும் நாளைவிட, நாள் முழுக்க 9-க்கும் 13-க்கும் இடையிலேயே நிற்கும் நாள்தான் ஆளைச் சாய்க்கும் என்பார். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஸ்ரீநகர்க்காரர் ஒருவர் டில்லிக் குளிர் தாங்காமல் புலம்புவார். அவர் ஊரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் 'சில்லாய் கலான்'. குழாய்த் தண்ணீர் உறையும், தால் ஏரியின் ஓரங்கள் உறையும். ஆனால் அங்கே எல்லோரும் அதற்குத் தயாராக இருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஃபெரன் என்ற தொளதொள அங்கி, அதற்குள்ளே கங்கடி என்ற கரிச்சட்டி, வசதியான வீடுகளில் தரைக்குக் கீழே விறகு எரித்துச் சூடாக்கும் ஹமாம் அறை. டில்லியில் ஒன்றரை மாதத்துக்காக யாரும் வீட்டை மாற்றிக் கட்டுவதில்லை, அந்த ஒன்றரை மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறோம்.

வின்னிபெக்கில் கதையே வேறு. மரச்சட்டத்தால் ஆன சுவர், உள்ளே கனமாகக் கண்ணாடி இழைப் பஞ்சு, ஜன்னலில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. நிலவறையில் ஃபர்னஸ் ஓடும், சூடான காற்று குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் வந்துவிடும். வெளியே மைனஸ் 30 இருக்கும்போது உள்ளே டி-ஷர்ட்டோடு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நகர மையத்தில் பல கட்டடங்களை மூடிய மேம்பால நடைபாதைகள் இணைக்கின்றன, கோட்டு போடாமலேயே மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம். உங்கள் நண்பர் கார் ஏறி, வேலைக்குப் போய், கடைக்குப் போய், வீடு திரும்பும் ஒரு நாளில் உண்மையாகக் குளிரில் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அரை மணி தேறாது. உங்களுக்கு அது தூங்கும் நேரமும் சேர்த்து 24 மணி நேரம்.

ஆனால் நண்பர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரக் குளிர் வெறும் அவஸ்தை இல்லை, ஆபத்து. மைனஸ் 30-ல் முதல் மூச்சு இழுத்ததும் மூக்கு முடி விறைத்துக்கொள்வது தெரியும். கண் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டும். காலடியில் பனி கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். முழு சார்ஜில் எடுத்துப்போன போன் சட்டென்று அணைந்துவிடும். காரின் முன்பக்கத்தில் ஒரு பிளக் தொங்கும். ராத்திரி அதை மின்சாரத்தில் சொருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்புவது சந்தேகம்.

காற்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உடம்பைச் சுற்றி நம் சூட்டாலேயே ஒரு மெல்லிய காற்றுப்படலம் உருவாகி நிற்கும், அதுதான் நமக்குக் கண்ணுக்குத் தெரியாத கம்பளி. காற்று அடித்தால் அது கலைந்துகொண்டே இருக்கும். இதைக் கணக்கிடும் முயற்சியை 1940-களில் அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்ல்ஸ் பாசல் என்ற இருவர் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி, காற்றில் வைத்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் அந்தக் கணக்கைப் புதுப்பித்தன. அதன்படி மைனஸ் 20-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 33-க்குச் சமம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவை அடைத்துவிட்டு வெளியே மாட்டிக்கொள்வது இந்த ஊரில் உயிர் போகிற விஷயம். ஆக, அவர் குளிர் கொல்லும். உங்கள் குளிர் விடாது. இரண்டும் வேறு வேறு.

எங்கள் குழுவில் இந்தச் சண்டை எப்போதும் போய் முடியும் இடம் தோசை மாவு. யார் ஊரில் எத்தனை டிகிரி என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் வழியும். டில்லி அறையில் ஜனவரி மாதம் அரைத்த மாவு ஒரு நாள் கழித்தும் அரைத்தபடியே இருக்கும். பாத்திரத்தை ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் சுருட்டி, நான் தூங்கும் கட்டிலின் கால்மாட்டிலேயே வைத்திருக்கிறேன். ஊட்டிக்காரி முதல்நாள் மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, அதைப் புது மாவில் கலந்து, அடுப்பு மேடையில் வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைப்பாள். இங்கே என் மனைவி ஓவனைச் சூடாக்காமல் உள்ளிருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவை அதற்குள் வைத்து மூடுகிறாள். அந்த ஒரு பல்பின் சூடு போதும், காலையில் பொங்கியிருக்கும். இந்த யோசனை குழுவில் வந்த பிறகு மெல்பர்ன் வீட்டிலும் அதே கதை.

மெல்பர்ன்காரிக்கு ஜூன், ஜூலைதான் குளிர்காலம். நாங்கள் எல்லாம் மழையையும் வெயிலையும் பேசும்போது அவள் மட்டும் "கை விறைச்சுப்போச்சு" என்று அனுப்புவாள். ராத்திரி வெளியே 6, 7 டிகிரிதான். ஆனால் பழைய வீடு, சுவரில் காப்புப் பஞ்சு இல்லை, ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. அவள் படுக்கையறை காலையில் அதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. மைனஸ் 30 ஊர்க்காரனான நான் அவளுக்குப் போர்வை பரிந்துரைக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் இன்னொரு விதம். தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், கனமான குளிர்க்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆள் உயரத்தில் இருக்கும் வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே புல்லின் மேல் உறைபனி பூத்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் அப்படித்தான். எங்கள் ஊட்டிக்காரியின் அப்பாவுக்குச் சின்னத் தோட்டம் உண்டு. அதனால் அவள் "நைட்டு வானம் சுத்தமா இருக்கு" என்று எழுதினால் அது அழகைச் சொல்லும் செய்தி இல்லை, கவலை. ஆனால் காலை 9 மணிக்கு வெயில் வந்ததும் வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் குளிர் போன இடம் தெரியாது. டில்லி மூடுபனிக்குள் இருப்பவருக்கு அந்த வெயில் கிடைக்காது.

சென்னை நண்பன் 20 டிகிரியில் "செம்ம குளிர்டா, தேங்காய் எண்ணெய் உறைஞ்சிடுச்சு" என்று படம் அனுப்புவான். மற்ற எல்லோரும் அவனைக் கலாய்ப்பார்கள். நான் கலாய்ப்பதில்லை. தேங்காய் எண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரியில், அது அவனுக்கும் எனக்கும் பொதுவான கணக்கு. தோலில் குளிரை உணர ஓர் ஏற்பி இருக்கிறது, தோல் 26 டிகிரிக்குக் கீழே போகும்போதே அது மூளைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். தைலம் தடவினால் ஜில்லென்று இருப்பதும் மென்தால் அதே ஏற்பியைத் தூண்டுவதால்தான். இந்த ஏற்பியைக் கண்டறிந்ததும் 2021-ன் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளில் அடங்கும். வருஷம் முழுக்க 30-க்கு மேல் பழகிய உடம்பு, மார்கழி விடியலில் மெல்லிய பருத்திச் சட்டையோடு பைக்கில் போனால் வெடவெடக்கத்தான் செய்யும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் யாரும் பனி விழும் நாட்டில் இருந்தவர்கள் இல்லையே. இதற்கு நேர்மாறாக, வின்னிபெக்கில் மார்ச் கடைசியில் 5 டிகிரி வந்தால் ஜனங்கள் அரை டிராயரோடு தெருவில் நடப்பார்கள்.

சரி, சண்டை இருக்கட்டும், நீங்கள் இந்த ஜனவரியை ஓட்ட வேண்டுமே. கனமான ஸ்வெட்டருக்கு முன்னால் தெர்மல் உள்ளாடை வாங்குங்கள், உடம்பைச் சுற்றிய அந்தக் காற்றுப்படலத்தைப் பிடித்து வைப்பது அதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த தரைவிரிப்பு போடுங்கள். ஜன்னல் இடுக்கில் நுரைப் பட்டை ஒட்டுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளிப் போடுங்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் மற்ற வேலையை விட்டுவிட்டு ரஜாயை மொட்டைமாடியில் காயப்போடுங்கள். கம்பி ஹீட்டர் முழங்காலை வேகவைக்கும், முதுகு அப்படியே விறைத்திருக்கும். காசு இருந்தால் ஆயில் ஹீட்டர் மேல், அறை மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அங்கீட்டி என்ற கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள், ஒரே ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிக் குடும்பத்தோடு இறந்த செய்தி வருகிறது. கனடா நண்பருக்கும் இதே ஆபத்து உண்டு. ஃபர்னஸின் புகை வெளியேறும் குழாயைப் பனி மூடியிருக்கிறதா, வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிட்டுக் குழுவில் பதில் போடச் சொல்லுங்கள்.