ராகு, கேது, கிரகணக் கணக்கு

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன், ராகு கேது பாம்புக் கதையெல்லாம் பொய் என்கிறான். சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளைத்தான் முன்னோர்கள் பாம்பாகச் சொன்னார்கள், புராணத்துக்குள் இருப்பது அறிவியல்தான் என்று விளக்கினேன். சரிதானே?

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. சோதிடத்தில் ராகு, கேது அந்தப் புள்ளிகள்தான். ஆனால் கதை முதலில் வந்தது. புள்ளிகள் பிறகுதான் அதில் குடியேறின.

ஆரியபட்டர் 499 வாக்கிலேயே போட்டு உடைத்துவிட்டார்: சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல். அடுத்த நூற்றாண்டில் சோதிடரும் வானியலாளருமான வராகமிகிரர் தன் ‘பிருகத் சம்ஹிதை’ நூலில் ராகுவைக் குறுக்கு விசாரணையே செய்கிறார். சந்திர கிரகணத்தில் இருள் நிலவின் கிழக்கு விளிம்பில் தொடங்குகிறது, சூரிய கிரகணத்தில் மேற்கு விளிம்பில். நிழல் என்றால் இதற்குக் கணக்கு இருக்கிறது. பாம்பு என்றால் ஏன் பக்கம் மாறிக் கடிக்க வேண்டும்? அப்புறம் பாருங்கள், ராகுவை அவர் விரட்டவும் இல்லை. கிரகணத்தின்போது கொடுக்கும் தானமும் ஆகுதியும் அவனுக்குச் சேரும் என்று பிரம்மா வரம் கொடுத்தாராம். அதை வாங்கத்தான் அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறானாம்! சந்திரன் சூரியன் பாதையிலிருந்து வடக்கும் தெற்குமாக விலகிப் போவதற்கும் உபசாரமாக அவன் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்கிறார். நீங்கள் சொல்லும் புள்ளி இந்த வழியாக வந்ததுதான்.

628-ல் கணித மேதை பிரம்மகுப்தர், ராகுவை மறுப்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று ஆரியபட்டர் தரப்பைத் திட்டினார். ஆனால் கிரகணம் கணிக்க உட்கார்ந்தால் அவரும் பூமி நிழலின் விட்டத்தைத்தான் கணக்கிட்டார். 1030 வாக்கில் இதைப் படித்த அல்பிரூனிக்கு, இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அந்த முஸ்லிம் அறிஞருக்கு, தாங்கவில்லை. சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தனக்கும் வரும் என்று பிரம்மகுப்தர் பயந்துவிட்டாரோ என்று எழுதினார். எனக்கு வெறும் பயமாகத் தெரியவில்லை. கிரகணம் எத்தனை நாழிகை என்று தெரிய வேண்டியிருந்ததே சடங்கு செய்கிறவர்களுக்குத்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு கணிதர் யாருக்குக் கணித்துக் கொடுப்பார்?

‘எல்லாம் புராணத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் இந்தச் சண்டை எதுவும் பேரன் காதுக்கு வராது. அடுத்த சந்திர கிரகணத்தன்று அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். நிலவு கிழக்கே ஏறிக்கொண்டிருந்தால் அடிப்பக்க விளிம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள், அப்போது அதுதான் கிழக்கு விளிம்பு, அங்கேதான் முதலில் கறுக்கும். தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போடுவது உங்கள் விருப்பம்.