ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் தொழில்நுட்பத்தைத் தனிப் பாடமாக வைத்தால் போதாதா?

போதாது. ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நீங்கள் கேட்கும் அந்தத் தனிப் பாடத்தையும் மூன்று வருடம் நடத்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன். பவர்பாயிண்ட் செய்வார்கள், கூகுள் ஃபார்ம் தயாரிப்பார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போனதும் புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஸ்லைடில் போட்டு வாசிப்பார்கள். நாங்களும் வகுப்பில் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்!

எங்கே இடிக்கிறது என்று ஒரு வகுப்பை வைத்துச் சொல்கிறேன். பயிற்சி மாணவி ஒருவர் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணம் வரைந்து, முனையைப் பிடித்து இழுத்து, எப்படி இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகைதான் என்று காட்டிக்கொண்டிருந்தார். பாடத் திட்டம் அழகாக இருந்தது. திரையில் 45, 65, 69 என்று நின்றபோது பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "மிஸ், கூட்டினா 179தானே வருது?" என்றான். அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். இப்போது 181. முகம் வெளிறிவிட்டது. "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுது" என்று மூடிவைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போய்விட்டார்.

அது தப்பாகக் காட்டவில்லை. உள்ளே இருந்த அளவுகள் 45.4, 65.3, 69.3 என்பதுபோல இருந்திருக்கும். கூட்டிப் பாருங்கள், சரியாக 180. ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிக் காட்டும்படி அமைப்பு இருந்தது, அவ்வளவுதான். தசம இடங்களின் எண்ணிக்கையை அதிகமாக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் பையனின் கேள்வி அதோடு தீர்வதில்லை. அளந்து பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு. ஆயிரம் முக்கோணங்களை அளந்தாலும் ஆயிரத்தோராவது என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு முனை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து காட்டினால்தான் அந்தச் சந்தேகம் தீரும். நிரூபணத்துக்குள் பிள்ளைகளை அழைத்துப்போக அதைவிட நல்ல தருணம் அமையாது. அமைந்ததைத்தான் அவர் மூடிவைத்தார்.

இதைக் கணினிப் பாட ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நான் என் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். பாட அறிவையும் கற்பிக்கும் திறனையும் தனித்தனியாகப் பார்த்தால் போதாது, ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் புரியவைக்கத் தெரிவதே தனி அறிவு என்று கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோஹ்லரும் அதோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்துப் பின்னினார்கள். டிபேக் (TPACK) என்று சொல்கிறார்களே, அதுதான். பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் என்று அதற்கு வரையும் மூன்று வட்டப் படத்தை எங்கள் மாணவர்கள் தேர்வில் பிசகாமல் வரைவார்கள். வட்டங்கள் மூன்றும் சேரும் இடம் எது என்று கேட்டால், இப்போதெல்லாம் நான் அந்த 179ஐத்தான் காட்டுகிறேன்.

அதற்குப் பிறகு பாடத் திட்டப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "இந்தக் கருவி எங்கே காலை வாரும்?" இதை எழுத வேண்டுமென்றால் கருவியை முன்கூட்டியே நோண்டிப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று செல்போன் கேமரா. சிறு பாடத்தைச் சிலர் முன்னால் எடுத்துப் பழகும் நுண்நிலைக் கற்பித்தல் 1960களில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியபோதே அதில் வீடியோ பதிவு இருந்தது. இன்று அந்தக் கருவி எல்லோர் பையிலும் இருக்கிறது, நாம்தான் எடுப்பதில்லை. பத்து நிமிடப் பாடத்தைப் பதிவு செய்துவிட்டு, கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருந்தோம் என்று அவர்களையே எண்ணச் சொல்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார்: ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்குமேல் பொறுப்பதில்லை, 3 நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன. இதை நான் விரிவுரையாகச் சொன்ன வருடங்களில் யாரும் மாறவில்லை. தன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர், "சார், நான் யாரையுமே பேச விடலையே" என்றார். (பள்ளியில் எடுப்பதானால் அனுமதி வாங்குங்கள், பிள்ளைகள் முகம் விழாமல் கேமராவைப் பின்னால் வையுங்கள்.)

இதற்கெல்லாம் ஒரு லேப்டாப்பும் ஒரு போனும் போதும். ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு தொடங்கலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அந்த மாணவியை மறுவாரம் சக மாணவர்கள் முன்னால் அதே பாடத்தை எடுக்கச் சொன்னேன். இந்த முறை தசம இடத்தை வேண்டுமென்றே பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு, 179 வரும்வரை முனையை இழுத்துக்கொண்டே இருந்தார்.