திரைக்குப் பின்னால் ஓடிய பாப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது. வீட்டில் வாய் ஓயாது. வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பாள். யாராவது கலைத்தால் சண்டைதான். எறும்புப் புற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். என்ன சட்டை போடுவது என்பதை இப்போது அவள்தான் முடிவு செய்கிறாள்.

போன வருடம் பிறந்தநாளை ஒரு சின்ன மண்டபத்தில் வைத்தோம். நூறு பேருக்கு மேல் கூட்டம். எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்ததும் மேடைத் திரைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டாள். தூக்கி வந்தால் ஒரே கதறல். கடைசியில் கேக்கை நானும் மனைவியும்தான் வெட்டினோம். “இப்பவே கூட்டத்துல பழக்கணும், இல்லேன்னா ஸ்கூல்ல கஷ்டம்” என்கிறார் என் அம்மா. “எத்தனை வீட்டுக்கு மொய், செய்முறை செய்திருக்கிறோம், கூப்பிடாமல் இருக்க முடியுமா” என்று மாமனார் கேட்கிறார். மனைவி இந்த முறை ஒன்றுமே வேண்டாம் என்கிறாள். இது பயந்த சுபாவமா? சரிசெய்ய வேண்டியதா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்கு முதலில் என் வாழ்த்து. செருப்பு வரிசையையும் எறும்புப் புற்றையும் படித்தபோது அவளை நேரில் பார்த்ததுபோல இருந்தது. எறும்பு பார்க்கிற குழந்தைகள்மீது எனக்குத் தனிப் பிரியம்.

அவள் திரைக்குப் பின்னால் ஓடியதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வளர்ச்சியாகத் தெரிகிறது. ஒரு வயதுக் குழந்தையைச் சுற்றி நின்று எத்தனை பேர் பாடினாலும் அது சத்தத்துக்கு அழும், அவ்வளவுதான். தன்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அதற்கு இன்னும் வந்திருக்காது. ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்தான் கண்ணாடியில் தெரிவது தானே என்று பெரும்பாலான குழந்தைகள் கண்டுகொள்கின்றன. குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சாயம் தடவிக் கண்ணாடி முன் நிறுத்திப் பார்ப்பார்கள். கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொட்டால் தன்னைத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மைக்கேல் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்தபோது, அப்படித் தன்னை அடையாளம் கண்ட குழந்தைகளிடம்தான் பெரும்பாலும் வெட்கத்தையும் பார்த்தார். மிதமிஞ்சிப் பாராட்டினாலே அந்தக் குழந்தைகள் தலையைக் குனிந்துகொண்டன. அப்படியென்றால் நூறு பேர் ஒரே நேரத்தில் முகத்தைப் பார்த்துப் பாடினால் மூன்று வயதுக் குழந்தை எங்கே போகும்? ‘நான்’ என்று ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குப் பெயரும் பிடிவாதமும் இருக்கின்றன, ஒளிந்துகொள்ள ஓர் இடமும் வேண்டியிருக்கிறது.

எல்லாக் குழந்தையும் அப்படி ஓடாதே என்று அம்மா கேட்பார். உண்மைதான். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளின் சுபாவத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை அந்த ஆய்வு நீண்டது. சுமார் 15 சதவீதக் குழந்தைகள் புது இடத்தில், புது முகங்களிடம் முதலில் ஒதுங்கி, மெல்ல மெல்லத்தான் சேர்ந்தன. இது யாரும் வளர்த்த விதத்தால் மட்டும் வந்ததல்ல, கூடவே பிறந்த சுபாவம். அவர்கள் வலியுறுத்திச் சொன்னது, எனக்கு மிகவும் பிடித்தது, இதுதான்: எந்தச் சுபாவமும் தன்னளவில் கோளாறு அல்ல. சுற்றி இருப்பவர்கள் கேட்பதும் குழந்தையின் இயல்பும் பொருந்தாமல் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. போன வருடம் உங்கள் மண்டபத்தில் நடந்தது அந்தப் பொருத்தமின்மைதான்.

ஆனால் மனைவி சொல்வதுபோல ஒன்றுமே வேண்டாம் என்று விடுவதையும் நான் ஏற்க மாட்டேன். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் கூச்ச சுபாவத்தைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல வருடம் ஆராய்ந்தவர். எதற்கும் சட்டென்று மிரளுகிற குழந்தைகளை எல்லாவற்றிலிருந்தும் பொத்திப் பொத்திக் காத்தால் அச்சம் நீடிக்கிறது, சின்னச் சின்ன புது அனுபவங்களை அன்போடு கொடுத்தால் குறைகிறது என்பது அவர் குழுவினரின் அனுபவம். அதனால் கூட்டம் வேண்டும், ஆனால் அவள் தாங்குகிற அளவுக்கு.

ஸ்கூல் பற்றிய அம்மாவின் கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மண்டபத்தில் நூறு முகங்கள் ஒரு மாலையில் வந்து போய்விடும். பள்ளியில் அதே டீச்சர், அதே பிள்ளைகள், தினமும். மெல்லச் சேர்கிற குழந்தைக்கு அந்தத் தினசரிதான் வேண்டும். ஒன்று மட்டும் பாருங்கள்: பள்ளியில் முதல் மாதம் கழிந்த பிறகும், வீட்டில் இவ்வளவு பேசுகிறவள் அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால் குழந்தைநல மருத்துவரைக் கேளுங்கள். மற்றபடி இப்போது பயப்பட ஒன்றுமில்லை.

செய்முறைக்கு வருகிறேன். உங்கள் மாமனாரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பெரியவர்களின் கணக்கு, அதைத் தீர்க்க நான்கு வயதுக் குழந்தையின் பிறந்தநாள்தான் வேண்டுமா? நம் தாத்தா பாட்டிகளில் பலருக்குத் தேதியே தெரியாது. தலைக்கு மேல் கையைப் போட்டு மறு பக்கத்துக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், வாத்தியார் எழுதியதுதான் பிறந்த தேதி. முதல் வருடம் முடிந்ததும் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்திக் கிடா வெட்டியதற்குப் பெரிய காரணம் இருந்தது. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ல் அது 28. குழந்தை பிழைத்துவிட்டது என்று ஊரைக் கூட்டிச் சொன்ன விழா அது. அது குடும்பத்தின் விழா. உங்கள் மகளுக்கு முதல் வருடம் எப்படிச் செய்தீர்களோ தெரியாது, இனிமேல் வருகிற பிறந்தநாட்கள் அவளுடையவை. சொந்தக்காரர்களுக்கு வேறொரு நாள், வேறொரு காரணத்துக்குச் சாப்பாடு போடுங்கள். அடுத்து ஒரு காதுகுத்தோ புதுமனையோ வராமலா போகும்?

என் மகனின் நான்காவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பூட்டும் சாவியும் என்றான். நிஜப் பூட்டு, விளையாட்டுச் சாமான் இல்லை. கடை வீதியில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு வாங்கிக் கொடுத்தோம். அன்று முழுக்க அலமாரி, கேட், சைக்கிள், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி என்று பூட்டித் திறந்து பூட்டித் திறந்து கொண்டாடினான். யாரைக் கூப்பிடலாம் என்றதற்கு, தெருவில் இஸ்திரி போடுகிற தாத்தாவும் எதிர்வீட்டு அக்காவும் என்றான். இஸ்திரி தாத்தா வேலையை முடித்துவிட்டு வந்து பாயசம் குடித்தார். அந்தக் குழந்தை எப்படிப்பட்டவன் என்று அன்றைக்குத்தான் எனக்கு அதிகம் தெரிந்தது.

உங்கள் மகளையும் கேளுங்கள். நான்கு வயதில் தெளிவாகச் சொல்லுவாள். அவள் சொல்கிறவர்களோடு நீங்கள் சேர்க்க விரும்புகிற ஒன்றிரண்டு குடும்பங்கள், போதும். எங்கே வைத்தாலும் அவள் முதலில் அங்கே இருக்கட்டும். நிறைந்த கூட்டத்துக்குள் நுழைவதைவிட, ஒவ்வொருவராக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு எளிது. மாலை ஐந்து மணிக்கு முடிகிற மாதிரி வையுங்கள், தூக்கம் வருகிற நேரத்தில் எந்தக் குழந்தை சிரிக்கும்? கையில் வேலை கொடுங்கள். வருகிறவர்களின் செருப்பை ஜோடி சேர்ப்பது அவள் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் அவளே வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துவிடுவாள். பாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். முத்தம் கொடு, ரைம் சொல்லிக்காட்டு என்று யாரும் கேட்காதபடி நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

அப்புறம், போன வருட விழாவை வீடியோ எடுத்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் நினைவுகள் நிற்கின்றன. போன வருட அழுகை அவளுக்கு ஞாபகம் இருக்காமல் போகலாம். ஆனால் “அன்னைக்கு அழுது மானத்தை வாங்கினியே” என்று வருகிறவர்கள் முன்னால் போட்டுக் காட்டிச் சிரித்தால் அந்தக் கதை அவளுக்குள் தங்கிவிடும். தான் இப்படிப்பட்டவள் என்று குழந்தைகள் நாம் சொல்கிற கதைகளிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக எனக்கு எழுதிய அந்த முதல் பத்தியை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பக்கம், அவள் அந்த வருடம் சொன்ன வார்த்தைகளோடு.

அம்மாவிடமும் மாமனாரிடமும் நீங்களே பேசுங்கள், மனைவி தலையில் போடாதீர்கள். குழந்தை அழுதால் “தாய் வளர்ப்பு சரியில்லை” என்று முதல் பேச்சு அவரைத்தான் வந்து சேரும்.

அன்புடன்,
அக்கா