கூண்டுக்குள் இரவெல்லாம் அழும் குட்டி

3 மாத லாப்ரடார் நாய்க்குட்டி, கூண்டில் விட்டால் விடியும்வரை அழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூண்டு கூடத்தில், நீங்கள் படுக்கையறையில், கோளாறு அங்கேதான். சில வாரங்களுக்குக் கூண்டைக் கட்டிலருகே வையுங்கள். உங்கள் மூச்சுச் சத்தமே அதற்குப் பாதித் தாலாட்டு. பகலில் கதவைத் திறந்துவைத்து, சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்துப் பழக்குங்கள். தின்னும்போது சில நொடிகள் மட்டும் மூடித் திறக்கலாம். இந்த வயதில் 3, 4 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. நள்ளிரவில் ஒருமுறை எழுந்து வெளியே கொண்டுபோவது உங்கள் தலையெழுத்து. கூண்டில் விடுமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும். தண்டனையாக மட்டும் கூண்டில் அடைக்காதீர்கள். நான் ஒரே ஒருமுறை அப்படிச் செய்தேன். எங்கள் நாய் மறுபடி உள்ளே நுழைய இரண்டு மாதம் ஆயிற்று.