கடிக்கும் நாய், அவிழ்த்துவிட்ட மாடு: யாரிடம் போவது?

தெருவில் திரியும் விலங்குகளைப் பற்றி வேலூர், காட்பாடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

வாசகி, சத்துவாச்சாரி: பக்கத்து வீட்டில் ராட்வீலர் வளர்க்கிறார்கள். கேட்டை எப்போதும் திறந்தே போட்டுவிடுகிறார்கள். பால்காரரையும் தண்ணீர் கேன் போடும் பையனையும் அது கடித்துவிட்டது. இதற்கெல்லாம் போலீசில் கேஸ் எடுப்பார்களா?

எடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தன்னிடம் உள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக விட்டால், 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவாக இருந்தது. அபராதம் 1,000 ரூபாய்தான். கடித்த பிறகுதான் புகார் தரவேண்டும் என்பதில்லை. அலட்சியமே குற்றம்.

பெரும்பாலான புகார்கள் நிற்காமல் போவது அவற்றை எழுதும் விதத்தால். 'நாயால் தொல்லை, பயமாக இருக்கிறது' என்று எழுதினால் அது சமாதானம் பேசி அனுப்பும் விஷயமாகிவிடும். எந்தத் தேதி, எத்தனை மணி, கேட் திறந்திருந்ததா, நாய் கழுத்தில் சங்கிலி இருந்ததா, யாரைக் கடித்தது, எந்த மருத்துவமனையில் ஊசி போட்டார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கடிபட்ட இருவரின் ஓ.பி. சீட்டு நகலையும், திறந்து கிடக்கும் கேட்டின் படத்தையும் சேருங்கள். இன்னொன்றும் வேண்டும். 'இந்த நாய் கடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது' என்பதுதான் வளர்ப்பவர் சொல்லும் முதல் பதில். அந்த வாயை அடைக்க, இன்றைக்கே அவருக்கு சேர்ப்பித்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த முறை அவர் தெரியாது என்று சொல்ல முடியாது. காவல் நிலையத்தில் மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) பொதுத் தொல்லைகளை நீக்குவதற்கானது. ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ வேறு வகையில் அப்புறப்படுத்தவோ உத்தரவிடும் அதிகாரத்தை அது கோட்ட நிர்வாக நடுவருக்குத் தருகிறது. நம் ஊரில் அவர் வருவாய்க் கோட்டாட்சியர். முதலில் நிபந்தனை உத்தரவு போடுவார். நாய்க்காரர் அதன்படி நடக்க வேண்டும், அல்லது நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உத்தரவு உறுதியாகிவிடும். மீறினால் அது தனிக் குற்றம். தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தால் அது கோட்டாட்சியருக்குப் போய்ச் சேரும். மனுவில் 152 என்ற எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எண் இல்லாத மனு எந்த மேசையிலும் தங்காது.

நாய் வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. வாய்மூடி வாங்கும்போது வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வேலூர் மே மாத வெயிலில் பட்டை கட்டிய நாய் கால் மணி நேரம் நடந்தால்கூடச் சுருண்டு விழலாம். வாயைத் திறக்க இடம் விடும் கூடை வடிவ வாய்மூடிதான் சரி. கயிறும் கைக்கு அடக்கமான குட்டை நீளத்தில் இருக்கட்டும். விட விட நீளும் சுருள் கயிறு கடிக்கும் நாய்க்கு ஆகாது.

வாசகர், கொசப்பேட்டை: எங்கள் தெருவில் 11 நாய்கள். மாநகராட்சி பிடித்துக்கொண்டு போய் ஒரு வாரத்தில் அதே தெருவில் விட்டுவிட்டார்கள். அமிர்தி காட்டுப் பக்கம் விட்டால் என்ன?

அதே தெருவில் விட்டதுதான் சட்டம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. கருத்தடை அறுவை, வெறிநோய்த் தடுப்பூசி, அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாள் பராமரிப்பு, பிறகு பிடித்த இடத்திலேயே விடுவது. 6 மாதம் நிரம்பாத குட்டிகளுக்கு அறுவை கிடையாது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் இதையே உறுதி செய்தது. வெறிநோய் உள்ளதும், அப்படிச் சந்தேகப்படுவதும், ஆக்ரோஷமாகத் தாக்குவதும் மட்டும் விலக்கு; அவற்றைத் திரும்ப விடக்கூடாது.

இதன் பின்னால் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது. நாய் நிற்பது சோற்றுக்காக. உங்கள் தெரு முனையில் இறைச்சிக் கழிவும் எச்சில் இலையும் கிடக்கும்வரை, 11-ஐயும் அள்ளிக்கொண்டு போனாலும் பக்கத்துத் தெரு நாய்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். வருவது ஊசி போடாத, குட்டி போடும் நாய்கள். ஒரு பெட்டை 63 நாளில் ஈனும். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் தன் எல்லைக்குள் புதியதை விடாது. வெறிநோய்க்கு அது ஒரு வேலி. ஒரு வட்டாரத்தில் பத்துக்கு ஏழு நாய்க்காவது ஊசி போட்டிருந்தால்தான் நோய்ச் சங்கிலி அறுபடும். அமிர்தியில் கொண்டு விட்டால் புள்ளிமானை விரட்டும், காட்டு விலங்குகளுக்கு டிஸ்டெம்பர் போன்ற நோயைக் கொடுக்கும். அதற்கு வனத்துறை உங்கள்மேலேயே நடவடிக்கை எடுக்கும்.

நீங்கள் செய்யவேண்டியது இது. ஒரு காலை 6 மணிக்குத் தெருவில் நடந்து 11 நாயின் காதையும் பாருங்கள். அறுவை முடிந்த நாயின் காது நுனியில் முக்கோணமாக ஒரு சிறு வெட்டு இருக்கும். சண்டையில் கிழிந்த காது ஓரம் பிசிறாக இருக்கும், இது சீராக இருக்கும். வெட்டு இல்லாதவை எத்தனை, அதில் பெட்டை எத்தனை, நிறம் என்ன என்று குறித்து, வார்டு எண்ணோடு மாநகர் நல அலுவலருக்கு எழுதுங்கள். 'நாய்த் தொல்லை' என்ற மனுவைவிட 'வெட்டு இல்லாத 4 பெட்டை நாய்கள்' என்ற மனுவுக்கு வண்டி சீக்கிரம் வரும். பிடிக்க வருபவர்கள் வலையோ கையோ பயன்படுத்த வேண்டும். கம்பிச் சுருக்கோ இடுக்கியோ கண்டால் படம் எடுத்துப் புகார் செய்யுங்கள், அது விதிமீறல்.

பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு மட்டும் கணக்கு வேறு. உச்ச நீதிமன்றத்தின் 2025 நவம்பர் 7 உத்தரவுப்படி அந்த வளாகங்களுக்குள் பிடித்த நாயைக் கருத்தடையும் ஊசியும் போட்டபின் அங்கேயே திரும்ப விடக்கூடாது, காப்பகத்துக்குத்தான் போகவேண்டும். வளாகத்துக்கு வேலி போடுவதும் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதும் அந்த நிர்வாகத்தின் கடமை. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குள் நாய் திரிந்தால் தலைமை ஆசிரியரிடம் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள்.

வாசகி, காந்தி நகர்: தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். குற்றம் என்று மிரட்டுகிறார்கள்.

சோறு வைப்பது குற்றமல்ல, இடம்தான் பிரச்சினை. குழந்தைகள் விளையாடும் இடம், வீட்டு வாசல், மாடிப்படி, முதியோர் நடமாடும் வழி ஆகியவற்றிலிருந்து தள்ளி, குடியிருப்போர் சங்கமோ மாநகராட்சியோ குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்த நேரத்தில் வைக்கலாம். நினைத்த தெருவில் வைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடம் குறிக்கவில்லையென்றால் குறித்துத் தரும்படி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தின்று முடிந்ததும் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். உங்களை நம்பி அருகில் வரும் நாயை ஊசி போடப் பிடித்துக் கொடுக்க உங்களைவிட ஏற்ற ஆள் கிடையாது.

வாசகர், கொணவட்டம்: காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்ட பசுவை மாநகராட்சியினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்படி மீட்பது? இல்லையென்றால் ஏலம் விட்டுவிடுவார்களா?

இன்றைக்கே போங்கள். சாலையில் திரியும் கால்நடையைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவில் (பிடித்த மாடுகளை அடைக்கும் தொழுவம்) சேர்க்க 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பழைய சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. 7 நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் தொழுப் பொறுப்பாளர் காவல் நிலையத்துக்கு அறிக்கை தருவார். அங்கே அறிவிப்பு ஒட்டி மேலும் 7 நாள். அதற்கும் ஆள் இல்லையென்றால் பொது ஏலம்.

போகும்போது ஆதார் அட்டையும், பசுவின் காதில் போட்ட மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணும் கையில் இருக்கட்டும். அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் உரிமைச் சண்டையே வராது. தோடு இல்லையென்றால் கொம்பு, சுழி, மடி, தழும்பு என்று அடையாளம் சொல்ல வேண்டிவரும். அதே அடையாளத்தை வேறொருவரும் சொல்வார். அபராதம், தீனிச் செலவு இரண்டுக்கும் தனித்தனியாக ரசீது கேளுங்கள். தொகை மாமன்றத் தீர்மானப்படி நிர்ணயிக்கப்படுவது. ரசீதில் தீர்மான எண் இல்லாவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். கூட்டமாகப் போய் வண்டியை மறித்து மாட்டை அவிழ்த்து வருவது மட்டும் வேண்டாம். கால்நடை அத்துமீறல் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் அது தனிக் குற்றம். ஊழியரைத் தடுத்ததற்கு வேறு வழக்கு.

அவிழ்த்துவிடுவது ஏன் என்று எங்களுக்குப் புரிகிறது. தவிடும் வைக்கோலும் விற்கிற விலையில் மேய்ச்சல் மிச்சம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் மார்க்கெட் குப்பையில் பசு பொறுக்குவது காய்த்தோல் மட்டுமல்ல. முடிச்சுப் போட்ட பாலிதீன் பையை முடிச்சோடு விழுங்குகிறது. பை முதல் இரைப்பையில் பந்தாகச் சுருண்டு தங்கிவிடும், செரிக்காது, வெளியேறாது. வயிறு உப்பும், அசை நிற்கும், பால் வற்றும். கம்பித் துண்டோ ஆணியோ போனால் இன்னும் மோசம்: இரண்டாம் இரைப்பையில் தங்கி, உதரவிதானத்தைக் குத்தி, இதயம்வரை போகும். அந்தப் பசு முன்னங்கால் முட்டியை வெளியே விரித்து நிற்கும், சரிவில் இறங்க மறுக்கும். அப்போது 1962-க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும், ஆனாலும் காப்பாற்றுவது கடினம். இன்னொரு பக்கம், தேசிய நெடுஞ்சாலையில் இரவில் படுத்திருக்கும் கறுப்பு மாட்டில் இரு சக்கர வண்டி மோதினால் இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயர் வரும். கட்டிப்போட இடமே இல்லையென்றால், பொய்கைச் சந்தை செவ்வாய்தோறும் கூடுகிறது. பராமரிக்க முடியாத உருப்படியை அங்கே கொடுத்துவிட்டு, இருப்பதைக் கட்டிப்போட்டு வளருங்கள்.

சாலையில் மாடுகளைப் பார்ப்பவர்களுக்கு: நெடுஞ்சாலை என்றால் 1033, ஊருக்குள் என்றால் மாநகராட்சி.

வாசகர், தோட்டப்பாளையம்: கடித்தது ஊசி போட்ட வீட்டு நாய்தான். நான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். நாயின் ஊசிச் சீட்டு மருத்துவர் பார்க்கவேண்டியது, நீங்கள் முடிவு செய்ய அல்ல. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கடிவாயை முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் போதும் என்று தோன்றிவிடும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் கூடாது: கிருமி நரம்பில் ஏற அவை வழி திறந்துவிடும். கடிவாயை உடனே தைக்கவும் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை: முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும். தசையில் போட்டால் முதல் நாள், 3, 7, 14, 28. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் (சீரம்) என்ற மருந்தைக் கடிவாயைச் சுற்றியே செலுத்தவேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்க நாள் ஆகும்; அதுவரை காப்பது இதுதான். முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டால்தான் பயன். 'சீரம் போட்டீர்களா' என்று நீங்களே கேளுங்கள். நாயை 10 நாள் கவனியுங்கள், ஆனால் அந்த 10 நாளைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

வாசகர், பாகாயம்: பல் பதிவு ஒன்றுக்கு 10,000 ரூபாய் இழப்பீடு உண்டு என்கிறார்களே?

அது 2023-இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு. பஞ்சாப், ஹரியானா, சண்டிகருக்குத்தான் அது செல்லும். இங்கே இழப்பீடு வேண்டுமென்றால் தனியாக வழக்குப் போட வேண்டும். அதற்கும் முன்பு சொன்ன ஓ.பி. சீட்டும், மாநகராட்சிக்கு ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகலும்தான் ஆதாரம்.

வாசகர், விருதம்பட்டு: வேறு வழியில்லாமல் விஷம் வைத்துவிடலாமா என்று தெருவில் பேசுகிறார்கள்.

வைக்கவே வேண்டாம். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. விஷம் கலந்த கறியைக் காகமும் பூனையும் தின்னும். தெருவில் தவழும் குழந்தை கையிலும் அது கிடைக்கும். இதைப் பேசுபவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வாசகி, தொரப்பாடி: பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது?

தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது வனத்துறை. அவர்கள் வரும்வரை எட்ட நின்று பாம்பின்மேல் கண் வைத்திருங்கள். எங்கே நுழைந்தது என்று தெரியாமல் போனால்தான் வீடு முழுக்கக் கலைக்க வேண்டிவரும். அடிக்காதீர்கள், வனவிலங்குச் சட்டம் பாயும்; அடிக்கப் போகிறவர்தான் பெரும்பாலும் கடிபடுகிறார். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.