சாய்தளத்தில் இணைந்து உருளும் பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: 30 டிகிரி சாய்தளத்தில் ஒரு திண்ம உருளையும் அதன் பின்னால் மெல்லிய உள்ளீடற்ற உருளையும் நழுவாமல் உருண்டு இறங்குகின்றன. இரண்டும் 1 கிலோ, ஆரமும் ஒன்றே. அச்சுகளை எடையற்ற தண்டு இணைக்கிறது. தண்டில் விசை எவ்வளவு?

பதில்: சமன்பாடு எழுதும் முன், தண்டைக் கழற்றிவிட்டால் எது முந்தும் என்று பாருங்கள். தனியாக விட்டால் திண்ம உருளையின் முடுக்கம் 3.27 மீ/வி², உள்ளீடற்றதற்கு 2.45. வேகமானது முன்னால் இருப்பதால் தண்டு இழுபடுகிறது. பாதி விடை கிடைத்துவிட்டது.

இனி எண்கள். சரிவின் வழியே ஒவ்வொன்றின் எடைக்கூறும் 4.9 நியூட்டன். உருளும் பொருள் நகர்வதோடு சுழலவும் வேண்டும். அந்தச் சுழற்சிக்கான நிலைமத்தை (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவை) ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்து நிறையோடு கூட்டினால், திண்ம உருளை 1.5 கிலோ போலவும் உள்ளீடற்றது 2 கிலோ போலவும் நடந்துகொள்ளும். மொத்த விசை 9.8, மொத்த நிலைமம் 3.5, முடுக்கம் 2.8 மீ/வி². திண்ம உருளைக்கு வேண்டியது 1.5 × 2.8 = 4.2 நியூட்டன். மீதி 0.7 நியூட்டன்தான் தண்டின் இழுவிசை. பின்னால் வருவதிலும் சரிபார்க்கலாம்: 4.9 + 0.7 = 5.6, அதாவது 2 × 2.8.

கேள்வி: இரண்டுமே திண்ம உருளைகள், ஆனால் முன்னால் இருப்பது 10 கிலோ, பின்னால் 1 கிலோ. கனமானது மற்றதை இழுத்துக்கொண்டு போகும்தானே?

பதில்: போகாது. தண்டில் விசை பூச்சியம். தனித்தனியே விட்டாலும் இரண்டும் ஒரே முடுக்கத்தில்தான் இறங்கும். நிறை எங்கே பரவியிருக்கிறது என்பதே கணக்கு. ‘கனமானது வேகமாக உருளும்’ என்ற நம்பிக்கை தேர்வறைவரை கூடவே வருகிறது.

கேள்வி: தண்டுக்குப் பதிலாகக் கயிறு, உள்ளீடற்றது முன்னால். இப்போது?

பதில்: கயிறு தொய்ந்துவிடும், திண்ம உருளை பின்னாலிருந்து போய் மோதும். தண்டாக இருந்தால் அதே 0.7 நியூட்டன், ஆனால் அமுக்கு விசை.

கேள்வி: நழுவாமல் உருளும்போது உராய்வு வேலை செய்வதில்லை, அதாவது ஆற்றலைக் குறைப்பதில்லை என்கிறார்களே, அதை விட்டுவிடலாமா?

பதில்: ஆற்றல் கணக்கில் விடலாம், விசைக் கணக்கில் கூடாது. உள்ளீடற்ற உருளை தனியாக உருளும்போது அதற்குத் தேவையான உராய்வு 2.45 நியூட்டன். இணைத்த பிறகு அது கூடுதல் முடுக்கத்தோடு சுழல வேண்டியிருப்பதால் 2.8 நியூட்டன் தேவை. தளத்தின் செங்குத்து விசை 8.49 நியூட்டன், ஆகவே உராய்வுக் குணகம் (உராய்வுக்கும் செங்குத்து விசைக்கும் உள்ள விகிதம்) 0.29 இருந்தாலே போதும் என்ற இடத்தில் இப்போது 0.33 வேண்டும். குணகம் 0.3 உள்ள தளத்தில் தனியாக ஒழுங்காக உருண்ட உருளை, துணை சேர்ந்ததும் நழுவும். அப்போது மேலே போட்ட கணக்கு முழுவதும் செல்லாது. திண்ம உருளைக்கோ தேவை 1.63இலிருந்து 1.4 ஆகக் குறைகிறது. வினாத்தாள்கள் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் மிகச் சுவையான பகுதி.

கேள்வி: தண்டே இல்லாமல், உள்ளீடற்றது முன்னால் இருக்க, இரண்டும் ஒட்டியபடி இறங்கினால்?

பதில்: வம்பு அங்கேதான். இரண்டும் ஒரே திசையில் சுழல்வதால், தொடும் இடத்தில் ஒன்றின் பரப்பு மேலேயும் மற்றதன் பரப்பு கீழேயும் ஓடுகிறது. அந்த உரசல் இரண்டின் சுழற்சியையும் தடுக்கும். அதைச் சேர்க்காமல் 2.8 என்று எழுதினால் தவறு. உண்மையான முடுக்கம் அதைவிடக் குறைவு.

கேள்வி: முதல் கேள்வியின் ஜோடியை மேல்நோக்கி உருட்டிவிட்டால் விசை திசை மாறுமா?

பதில்: மாறாது. ஏறும்போதும் முடுக்கம் சரிவின் கீழ்நோக்கி அதே 2.8, தளத்தின் உராய்வும் மேல்நோக்கியே. திண்ம உருளை கீழ்ப்பக்கம் இருக்கும்வரை தண்டில் 0.7 நியூட்டன் இழுவிசைதான்.