தோளில காவிப் போக ரெண்டு பேர் டென்ட் எது பாத்து வாங்கிறது?

நான் திருகோணமலைதான், எங்கட வெக்கைக்கும் மணலுக்கும் ஏத்த மாதிரி சொல்லுறன். ரெண்டு பேர் எண்டு போட்டிருந்தா தோள் முட்டப் படுக்கிற அளவுதான், ஒரு மெத்தைக்கே கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் போயிடும், அதால அகலம் 130 ஆவது இருக்கோ எண்டு பாருங்க. பாரம் 2 கிலோவுக்குள்ள எண்டா நல்லம், கம்பிய ஒராள் துணிய ஒராள் எண்டு பிரிச்சுக் காவலாம்.

முக்கியமா ரெட்டைச் சுவர் டென்ட்டா எடுங்க, உள்ளுக்கு வலை, மேல மழைத்துணி. ஒற்றைச் சுவர் பாரம் குறைவுதான், ஆனா எங்கட ஈரக்காத்துக்கு நாங்க விடுற மூச்சே உள்பக்கம் வேர்த்து விடியக்காலம் தலையில சொட்டும், அந்தக் கூத்து நான் பட்டிட்டன்.

அடுத்தது ஆணி அடிக்காமலே தானா நிக்கிற டென்ட்தான் நிலாவெளி, உப்புவெளி மணலுக்குச் சரி. சின்ன ஆணி மணலில நிக்காது, கச்சான் காத்து அடிச்சா கேக்கவே வேணாம், பைக்குள்ள மணல் நிரப்பி கயிறக் கட்டித் தாட்டு விடுங்க, அசையாது.

தண்ணி ஊறாமத் தாங்கிற அளவ மில்லிமீட்டரில போட்டிருப்பாங்க, மழைத்துணிக்கு 1500 மில்லிமீட்டர் காணும், அடித்துணிக்கு அதை விடக் கூட வேணும். நைலோன் நனைஞ்சா தொய்யும், இரவில ஒருக்கா எழும்பி இழுத்துக் கட்டோணும்.